கேட்டதெல்லாம் தேவையல்ல

2025 செப்டம்பர் 30 அன்று அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம் தன் தொலைபேசிவழி இணைய இணைப்பை நிறுத்திக்கொண்டது. அதையொட்டி வந்த இரங்கற் குறிப்புகளில் நான் படித்தவை அனைத்தும் ஒரே பொருளைப் பற்றியவை: மோடத்தின் ஒலி. அந்தக் கீச்சலையும் இரைச்சலையும் நினைத்து எழுதியவர்கள் நெகிழ்ந்தார்கள், படித்தவர்களும் நெகிழ்ந்தார்கள். ஒலி எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அந்த ஒலி எப்போது எழ வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து எழுதிவைத்த வரிகள் யாருக்கும் நினைவில்லை. நான் சண்டைக்கு வந்திருப்பது இந்த மறதியோடுதான்.

நம் இலக்கிய வட்டாரத்தில் இது பற்றி இரண்டு குரல்கள் கேட்கின்றன. ஒன்று, மேலே சொன்ன நினைவேக்கக் குரல். மற்றொன்று புலம்பற் குரல். இணையம் வாசிப்பைத் தின்றுவிட்டது, கவனம் சிதறிப்போயிற்று, பத்துப் பக்கம் சேர்ந்தாற்போல் படிக்க முடியவில்லை, எல்லாம் தொழில்நுட்பத்தின் கேடு என்பது அதன் சாரம். இந்த இரு தரப்பாரும் ஒன்றுக்கொன்று எதிரானவர்கள்போலத் தோன்றினாலும் அடிப்படையில் ஒரே நம்பிக்கை உடையவர்கள். மூடிக்கிடந்த இணைப்பு எப்போதும் திறந்திருக்கும் இணைப்பாக மாறியது காய் கனிவதுபோல இயல்பாக நடந்தது என்று இருவரும் நம்புகிறார்கள். முன்னவர் அதைக் கண்டு பெருமூச்சு விடுகிறார், பின்னவர் சபிக்கிறார். அது வேறு மாதிரியும் அமைந்திருக்கக் கூடும் என்ற எண்ணம் இருவருக்கும் எழவில்லை.

அமைந்திருந்தது என்பதே என் வாதம். 1990களின் யூனிக்ஸ் கணினிகளில், 'கேட்டால் மட்டும் இணை, வேலை ஓய்ந்தால் துண்டி' என்ற ஏற்பாடு நடைமுறையில் இருந்தது. அதை அமைத்தவர்கள் இன்று நாம் கட்டுரை கட்டுரையாகப் புலம்பும் அதே கேள்வியை எதிர்கொண்டார்கள். புலம்பாமல், விடையை ஒரு கோப்பில் எழுதிவைத்தார்கள்.

*

அந்த ஏற்பாடு எப்படி இயங்கியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கணினியோடு பழக்கமில்லாத வாசகரும் பொறுமையாகப் படிக்கலாம். இதில் மாயம் ஏதுமில்லை.

தொலைபேசிக் கம்பிவழியே இரண்டு கணினிகள் இணையப் பொதிகளைப் பரிமாறிக்கொள்வதற்கான உடன்படிக்கைக்கு பிபிபி என்று பெயர். 1994 ஜூலையில் ஆர்எஃப்சி 1661 என்ற ஆவணமாக அது நிலைபெற்றது. அதை யூனிக்ஸில் நடத்திவைத்த பின்னணி நிரல் பிபிபிடி. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் வேர்கொண்டு, பிறகு ஆஸ்திரேலியரான பால் மெக்கரஸின் பராமரிப்பில் வளர்ந்த நிரல் அது. 1990களின் பிற்பாதியில் வந்த 2.3 வரிசைப் பதிப்புகளில் 'டிமாண்ட்' என்ற ஒரு விருப்பச் சொல் அதில் இருந்தது. அதற்கு முன்பே லினக்ஸில் இதற்கென்று டயல்டி என்ற தனி நிரலை எரிக் ஷெங்க் எழுதியிருந்தார். ஃப்ரீபிஎஸ்டியில் பிபிபி நிரலை 'ஆட்டோ' நிலையில் ஓடவிட்டால் அதே வேலை நடக்கும்.

கோப்பில் டிமாண்ட் என்று எழுதினால், நிரல் உடனே தொலைபேசி எண்ணை அழைக்காது. கணினிக்குள் ஒரு வாசலை மட்டும் அமைத்து, அதற்கு ஓர் இடைக்கால முகவரியையும் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும். மற்ற நிரல்களின் கண்ணுக்கு இணையம் இருப்பதுபோலவே தோன்றும். யாரேனும் ஒருவர் மடல் அனுப்பவோ ஒரு பக்கத்தைப் பார்க்கவோ முற்படுகையில் முதற்பொதி அந்த வாசலுக்கு வந்து சேரும். அப்போதுதான் பிபிபிடி விழித்துக்கொண்டு சாட் என்ற சிறு நிரலை ஏவும். சாட்டுக்கான எழுத்து ஒரு நாடக உரையாடலைப்போல, எதை எதிர்பார்ப்பது, எதைச் சொல்வது என்று இணையிணையாக அமைந்திருக்கும். ஏடிஇசட் என்று மோடத்திடம் சொல். ஓகே வரும்வரை காத்திரு. ஏடிடிடி என்று சொல்லி எண்ணைக் கொடு. கனெக்ட் வரும்வரை காத்திரு. பிஸி என்றோ நோ கேரியர் என்றோ விடை வந்தால் கைவிடு. அவ்வளவுதான்.

இணைப்பு எழுந்ததும் ஐபி-அப் என்ற கோப்பு ஓடும். கதவு திறந்தவுடன் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் அது: வரிசையில் காத்திருக்கும் மடல்களை அனுப்பு, வந்திருக்கும் மடல்களை எடுத்துக்கொள், கடிகாரத்தைச் சரிசெய். பிறகு 'ஐடில் 300' என்று எழுதப்பட்டிருந்தால், 300 நொடிகள் போக்குவரத்து இல்லாதபோது நிரல் தானே தொலைபேசியை வைத்துவிடும். ஓய்வாலன்றி வேறு காரணத்தால் இணைப்பு அறுந்துபோனால், உடனே மறுபடி அழைத்துவிடாமல் எத்தனை நொடி பொறுத்திருக்க வேண்டும் என்பதற்கு ஹோல்டாஃப் என்ற இன்னொரு சொல். தொடர்ந்து எத்தனை முறை தோற்றால் முயற்சியைக் கைவிடலாம் என்பதற்கு மேக்ஸ்ஃபெயில் என்ற மற்றொன்று.

இந்தச் சொற்களை நூற்பாக்கள் என்று நான் அழைக்கத் துணிவேன். ஒவ்வொன்றும் சுருக்கமானது; ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் அனுபவம், ஒரு விதிவிலக்கு, ஒரு தகராறு இருக்கிறது. இவற்றுக்கு உரை எழுதியவர்களும் இருந்தார்கள். லினக்ஸ் உலகில் 'ஹவ்டூ' என்ற பெயரில் வந்த ஆவணங்கள் உரைநூல்களேதாம். சொல்லைப் பிரித்து, பொருள் சொல்லி, எடுத்துக்காட்டு தந்து, 'இவ்வாறு எழுதினால் இன்ன குற்றம் நேரும்' என்று தடை எழுப்பி விடை சொல்லும் முறை நமக்குப் புதிதன்று.

*

இப்போது சொல்லாராய்ச்சிக்கு வருகிறேன். டிமாண்ட் என்பதைத் தமிழில் பெரும்பாலும் 'தேவை' என்று பெயர்த்துவிடுகிறோம். 'தேவைக்கேற்ற இணைப்பு' என்பது காதுக்கும் இனிமையாக இருக்கிறது. ஆனால் அது பிழையான பெயர்ப்பு. கணினிக்குத் தேவை தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் கேட்பு மட்டுமே. வாசலுக்கு ஒரு பொதி வந்தால் யாரோ கேட்கிறார்கள் என்று பொருள். கேட்டது யார், எதற்காக என்பது பொதியின் மேல் எழுதப்பட்டிருக்காது. கேட்புக்கும் தேவைக்கும் இடையிலுள்ள இந்த வேறுபாட்டை அன்றைய யூனிக்ஸ் நிர்வாகிகள் தொலைபேசிக் கட்டணச் சீட்டின் வழியாகக் கற்றார்கள்.

நிகழ்ந்தது இதுதான். ஓர் அலுவலகத்தில் லினக்ஸ் கணினி ஒன்று வாயிலாக நிற்கிறது. அதன் பின்னால் ஐந்தாறு விண்டோஸ் கணினிகள். இரவில் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆனால் மோடம் மட்டும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை விழித்து, எண்ணை அழைத்து, இணைந்து, சும்மா இருந்து, துண்டித்து, மறுபடி அழைத்துக்கொண்டே இருக்கிறது. காரணம், விண்டோஸ் கணினிகள் ஒன்றையொன்று பெயர்சொல்லித் தேடும் வழக்கம் உடையவை. அந்தத் தேடல் வழிதவறி இணையப் பெயர்வழங்கியிடம் போகும். பெயர்வழங்கி வெளியே இருப்பதால் வாசல் தட்டப்படும். மடல் அனுப்பும் செண்ட்மெயில் நிரல் தன் வரிசையைச் சரிபார்க்கும்போதெல்லாம் முகவரிகளின் முழுப்பெயரைத் தேடும், அதுவும் தட்டும். நேரத்தை ஒத்துப்பார்க்கும் நிரல் தன் பங்குக்குத் தட்டும். எவரும் எதையும் விரும்பாத ஒரு வெற்றுக் கட்டடத்தில் கேட்புகள் மட்டும் இரவெல்லாம் நடந்துகொண்டிருக்கும்.

இதற்கு மாற்று என்ன? பெயர்த்தேடல் பொதிகள் எவையுமே இணைப்பை எழுப்பக் கூடாது என்று விதித்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். உண்மையான தேவையும் பெயர்த்தேடலில்தான் தொடங்குகிறது. ஒருவர் ஒரு தளத்தைப் பார்க்க விரும்பினால் கணினி முதலில் செய்வது அத்தளத்தின் பெயரை முகவரியாக மாற்றிக் கேட்பது. அதைத் தடுத்தால் தேவையும் வாசலிலேயே செத்துப்போகும். அனுமதித்தால் வெற்றுக் கூச்சலும் உள்ளே வரும். இரண்டும் ஒரே உடையில் வருகின்றன.

ஆகவே அவர்கள் ஒவ்வொரு நிரலின் கோப்பையும் தனித்தனியே திறந்து திருத்தினார்கள். சாம்பாவின் கோப்பில் 'டிஎன்எஸ் பிராக்சி' என்பதற்கு எதிரே 'நோ' என்று எழுதினார்கள். செண்ட்மெயிலில் முழுப்பெயர் தேடும் பழக்கத்தை அணைத்தார்கள். உள்ளூர்ப் பெயர்களுக்கு உள்ளேயே விடை சொல்ல ஒரு பெயர்வழங்கியை நிறுவினார்கள். எஞ்சியவற்றுக்கு பிபிபிடியின் ஆக்டிவ் ஃபில்டர் இருந்தது. எந்தப் பொதிகளைச் செயல்பாடு என்று கணக்கில் கொள்ள வேண்டும் என்பதை அதில் எழுதலாம். அதில் சேராதவை இணைப்பை எழுப்பா. எழுந்த இணைப்பை நீட்டிக்கவும் செய்யா.

அந்த வடிகட்டியில் எழுதக்கூடிய சொற்களுள் ஒன்று 'அவுட்பவுண்ட்'. உள்ளிருந்து வெளியே செல்வது மட்டும் கணக்கில் வரட்டும் என்று பொருள். அதற்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு புதிய முகவரி கிடைத்த காலம் அது. சற்று முன்னால் அதே முகவரியை வைத்திருந்தவரைத் தேடிவரும் பொதிகள் உங்கள் வாசலைத் தட்டிக்கொண்டே இருக்கும். அவை ஒவ்வொன்றும் அந்த 300 நொடியை மறுபடி தொடக்கத்துக்குத் தள்ளும். யாரோ ஒருவருக்கான அழைப்புகளால் உங்கள் கதவு மூடாமலே நிற்கும். இதைத் தடுக்கத்தான் அந்த ஒரு சொல். வெளியிலிருந்து எத்தனை முறை தட்டினாலும் அது என் தேவையாகிவிடாது என்று ஒருவர் தன் கணினிக்கு எழுத்தில் சொல்லிவைக்க முடிந்தது. இந்தத் தொழில்நுட்பம் முழுவதிலும் என்னை மிகவும் கவர்ந்த சொல் இதுதான்.

*

இது ஏதோ இடைக்காலத்தில் தோன்றி மறைந்த குறுக்குவழி என்று எண்ணிவிடக் கூடாது. யூனிக்ஸுக்கு இந்த மனநிலை தொடக்கம் முதலே உண்டு. பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் உருவாக்கி, 1979இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு பரவலாகச் சென்ற யுயுசிபி என்ற கோப்புப் பரிமாற்ற ஏற்பாட்டில், எந்தக் கணினியை எப்போது அழைக்கலாம் என்று எழுதுவதற்கே ஒரு கட்டம் இருந்தது. எப்போதும் அழைக்கலாம் என்றால் 'எனி'. வாரநாள்களில் இரவு மட்டும் என்றால் அதற்குரிய குறியும் மணிக்கணக்கும். ஒருபோதும் அழைக்காதே, அவர்கள் அழைத்தால் மட்டும் பேசு என்றால் 'நெவர்'. தொலைபேசிக் கட்டணம் குறையும் இரவு நேரத்தில் கணினிகள் ஒன்றையொன்று அழைத்து அன்றைய மடல்களைக் கைமாற்றிக்கொண்டன.

எரிக் ஆல்மன் எழுதிய செண்ட்மெயிலில், மடலைக் கொண்டுசெல்லும் வழி ஒன்றைச் 'செலவு மிக்கது' என்று குறியிட்டுவைக்கலாம். அவ்வாறு குறித்தால் மடல் உடனே புறப்படாது. வரிசையில் தங்கி, மொத்தமாக அனுப்பும் வேளை வரும்வரை காத்திருக்கும். ஜெர்மனியில் லினக்ஸில் ஐஎஸ்டிஎன் இணைப்பு வைத்திருந்தவர்களுக்கு இன்னும் நுணுக்கமான வசதி இருந்தது. சார்ஜ்ஹப் என்ற விருப்பத்தை இயக்கினால், அடுத்த கட்டண அலகு விழுவதற்குச் சற்று முன்னால் இணைப்பைத் துண்டிக்கும். அதே கருவியில் அழைக்கும் முறையைத் தானியங்கி, கைவழி, அணைப்பு என்ற மூன்றில் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். எப்போதும் திறந்திருத்தல் என்பது இந்தச் சொற்களஞ்சியத்தில் ஒரு தேர்வு. அதைத் தேர்ந்தவர் அதற்குப் பொறுப்பானவர்.

*

இங்கே ஒரு மறுப்பு எழும் என்பது தெரியும். 'அதெல்லாம் வறுமையின் குழந்தை. நிமிடத்துக்குக் காசு போனது; அதனால் எண்ணினார்கள். இப்போது காசு போகவில்லை; எண்ண வேண்டியதில்லை. பற்றாக்குறையைத் தத்துவமாக்காதே.'

இந்த மறுப்பில் பாதி உண்மை. அமெரிக்காவின் பல பகுதிகளில் உள்ளூர் அழைப்புக்குத் தனிக் கட்டணம் இல்லாததால் ஒருமுறை இணைத்துவிட்டு நாளெல்லாம் விட்டுவைத்தவர்கள் உண்டு. உள்ளூர் அழைப்புக்கும் மீட்டர் ஓடிய ஐரோப்பாவில்தான் இந்தக் கலை கூர்மைபெற்றது. நம் நாட்டில் 1995 ஆகஸ்ட் 15 அன்று அன்றைய மெட்ராஸ் உள்ளிட்ட பெருநகரங்களில் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோதும் மீட்டர் ஓடியது. அப்போது மலிவாகக் கிடைத்த ஷெல் கணக்கு, தொலைவிலுள்ள ஒரு யூனிக்ஸ் கணினிக்குள் எழுத்துத் திரை வழியாக நுழைவதுதான். மடலை முன்கூட்டியே எழுதிவைத்து, இணைந்து, அனுப்பி, வந்ததை இறக்கிக்கொண்டு, துண்டித்த பிறகு ஆற அமரப் படிப்பது சிக்கனம் தெரிந்தவர்களின் வழக்கமாக இருந்தது. காசுதான் அந்தக் கேள்வியை எழுப்பியது என்பதில் ஐயமில்லை.

ஆனால் ஒரு கேள்வியை எழுப்பிய காரணம் நீங்கிவிட்டால் கேள்வியும் தவறாகிவிடுமா? தாள் அரிதாக இருந்த காலத்தில் சுருங்கச் சொல்லப் பழகினார்கள். தாள் மலிந்த பிறகு சுருங்கச் சொல்லல் குற்றமாகிவிட்டதா? நிமிடக் கட்டணம் மறைந்ததும் செலவே மறைந்துவிட்டதாக நினைப்பது கணக்குத் தெரியாதவர் பேச்சு. செலவு வேறொரு பையிலிருந்து போகிறது. எந்தப் பையிலிருந்து என்பது புலம்பற்காரர்களுக்கே நன்றாகத் தெரியும். பத்துப் பக்கம் சேர்ந்தாற்போல் படிக்க முடியவில்லை என்று எழுதுகிறவர்கள் அவர்கள்தானே? கட்டணச் சீட்டு வராததால் அந்தச் செலவு தெரியாமற்போய்விட்டது. நிர்வாகி ஒருவர் மாதக் கடைசியில் சீட்டைப் பார்த்து, 'என் கணினி யாருக்காக இத்தனை முறை அழைத்தது?' என்று அதிர்ந்தாரே, அந்த அதிர்ச்சி நமக்கு வாய்ப்பதேயில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொறியாளர்கள் இந்தக் கொள்கையைக் கைவிடவே இல்லை. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைபேசியின் வானொலிப் பகுதி எப்போதும் முழு விழிப்பில் இருப்பதில்லை. தரவு ஓய்ந்து சில நொடிகள் கழிந்ததும் அது ஓய்வுநிலைக்குப் போய்விடும். தேவைப்படும்போது மறுபடி எழும். அந்த நொடிக்கணக்கை நிர்ணயிப்பது வலையமைப்பை நடத்தும் நிறுவனம். ஐடில் 300 என்ற பழைய வரியின் நேர் வாரிசு அது. ஆக, பேட்டரிக்கு ஓய்வு வேண்டும் என்பதில் ஒருவருக்கும் கருத்து வேறுபாடில்லை. அதற்காகப் பெரும் உழைப்பும் செலவிடப்பட்டிருக்கிறது. பேட்டரியை வைத்திருப்பவனுக்கு ஓய்வு வேண்டும் என்று சொன்னால் மட்டும் அது பழம்பெருமை பேசுவதாகிவிடுகிறது.

*

அடுத்த மறுப்பு இதைவிட வலுவானது. கேட்டால் திறக்கும் கதவு உள்ளிருந்து கேட்டால்தான் திறக்கும். வெளியிலிருந்து ஒரு நோயாளியின் மகளோ ஒரு மாணவனோ உங்களை அடைய வேண்டுமென்றால் என்ன செய்வது? அந்த ஏற்பாட்டில் முடியாது. உங்கள் கணினி துண்டித்துக் கிடக்கும்போது வந்த மடல், நீங்கள் அடுத்து இணையும்வரை சேவை நிறுவனத்தின் பெட்டியில்தான் கிடக்கும். இதை ஒப்புக்கொள்கிறேன். வெளியுலகம் நம்மை உடனே அடைய முடிவது உண்மையான நன்மை. தொலைவில் பிள்ளைகளை விட்டுவிட்டு இருக்கும் எந்தப் பெற்றோரிடமும் அது வேண்டாம் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். கம்பியை மறுபடி அறுத்துவிடுங்கள் என்பது என் கட்சியன்று.

ஆனால் அந்த நன்மையின் நிழலில் என்ன நுழைந்தது என்று பாருங்கள். 2009 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் ஐஃபோனுக்கான தள்ளுவிப்பு அறிவிப்புச் சேவையைத் தொடங்கியது. கருவி, நிறுவனத்தின் வழங்கியோடு ஓர் இணைப்பை நிலையாக வைத்திருக்கும்; எந்தச் செயலி நிறுவனமும் அந்த வழியாக உங்கள் திரைக்கு வந்து தட்டலாம். திசை தலைகீழாயிற்று. முன்னர் உள்ளிருப்பவரின் விருப்பம் வெளியே எண்ணை அழைத்தது; இப்போது வெளியிலிருப்பவரின் விருப்பம் உள்ளே மணியடிக்கிறது. நோயாளியின் மகளும், தள்ளுபடி விற்பனையும், எவரோ எவருடைய படத்தையோ விரும்பிய செய்தியும் ஒரே வாசலில், ஒரே ஓசையோடு வந்து நிற்கின்றன. பெயர்த்தேடல் பொதிகளைப் போலவே இவையும் ஒரே உடையில் வருகின்றன. வேறுபாடு ஒன்றுதான். அன்று அவற்றைப் பிரித்தறியும் விதியை வாசலுக்கு உரியவர் எழுதினார். இன்று எது முக்கியம் என்ற வரிசையை, தட்டுகிறவரும் தட்டுவதற்கு வழிவிடுகிறவரும் சேர்ந்து எழுதுகிறார்கள்.

'அறிவிப்புகளை அணைத்துக்கொள்ள அமைப்புகள் இருக்கின்றனவே' என்பார்கள். இருக்கின்றன. ஐஃபோன் முதலிலிருந்தே அனுமதி கேட்டது. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலியும் முன்கூட்டி அனுமதி கேட்டாக வேண்டும் என்ற விதி 2022இல் வெளிவந்த 13ஆம் பதிப்பில்தான் வந்தது. அதுவரை திறந்த கதவே இயல்புநிலை. அனுமதி கேட்பதும் செயலியின் பெயரால்தான். இன்ன செயலி வரலாமா, கூடாதா? வங்கியின் செயலியை அனுமதித்தால் பணம் எடுக்கப்பட்ட செய்தியும் வரும், கடன் வாங்கச் சொல்லும் விளம்பரமும் வரும். சில செயலிகள் வகைகளாகப் பிரித்துத் தருகின்றன என்பதும் உண்மைதான். ஆனால் அந்த வகைகளை வகுத்தவர் யார்? எது விளம்பரம், எது செய்தி என்று பெயரிடும் உரிமை அவர்களிடமே இருக்கிறது. அவர்கள் அச்சிட்டுத் தரும் படிவத்தில் ஆம், இல்லை என்று குறியிடுவதும், ஒரு வெற்றுக் கோப்பில் என் சொற்களில் என் விதியை எழுதுவதும் ஒன்றாகிவிடுமா?

*

மூன்றாவதாக ஒரு மறுப்பு. இதை என் தரப்பிலிருந்தே எழுப்பிக்கொள்கிறேன். அந்தக் கோப்பை எழுத எத்தனை பேருக்குத் தெரியும்? நூறு பேர் பயன்படுத்திய இணைப்புக்கு ஒரே ஒருவர் விதி எழுதினார். அவரிடம்தான் ரூட் கடவுச்சொல் இருந்தது. எது தேவை, எது வெற்றுக் கூச்சல் என்று முடிவுசெய்ததும் அவர்தான். மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் அவர் முகம் பார்த்து நின்றார்கள். தனக்கு வேண்டியதைத் தேவை என்றும் பிறருக்கு வேண்டியதைக் கூச்சல் என்றும் எழுதிய நிர்வாகிகள் இருந்திருக்க மாட்டார்களா? இருந்திருப்பார்கள். எழுத்தறிவு சிலரிடம் மட்டும் இருந்த எல்லாக் காலத்திலும் எல்லா இடத்திலும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

அதற்கு விடை எழுத்தறிவைப் பரப்புவது. ஓலையை எரிப்பது விடையாகாது. நடந்தது என்னவென்றால், எல்லோருக்கும் எளிமை என்ற பெயரில் கோப்பே கண்ணிலிருந்து அகற்றப்பட்டது. முன்னர் ஒருவர் எழுதினார், தொண்ணூற்றொன்பது பேரால் படிக்க முடியவில்லை. ஆனால் கோப்பு அங்கே இருந்தது. அக்கறை கொண்ட எவரும் கற்றுக்கொண்டு படிக்கலாம், 'இந்த வரி ஏன்?' என்று கேட்கலாம். இப்போது நூறு பேரில் ஒருவராலும் படிக்க முடியாது. விதி இல்லாமற்போய்விடவில்லை, எவரும் காண முடியாத இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

இங்கேதான் நம் புலம்பல் இலக்கியவாதிகள்மீது எனக்குக் கோபம் வருகிறது. எழுத்தையே தொழிலாகவும் தவமாகவும் கொண்டவர்கள் நாம். ஒரு சொல் எங்கே நிற்கிறது, யார் வாயிலிருந்து வருகிறது, யாரைப் பணியவைக்கிறது என்று பிரதியைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கப் பழகியவர்கள். அதிகாரம் எழுத்தில் ஒளிந்திருக்கும் என்று மேடைதோறும் பேசுகிறவர்கள். அப்படிப்பட்டவர்கள், நம் நாளின் ஒவ்வொரு நாழிகையையும் ஆளும் எழுத்து ஒன்று இருக்கிறது என்றதும் 'அது தொழில்நுட்பம், நமக்கு ஆகாது' என்று விலகிக்கொள்கிறோம். விலகிக்கொண்டு, மழையைத் திட்டுவதுபோல அதைத் திட்டுகிறோம். மழைக்கு ஆசிரியர் இல்லை. இதற்கு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆசிரியர் உள்ள ஒன்றை இயற்கை என்று நினைத்துக்கொள்வதைவிடப் பெரிய வாசிப்புப் பிழை உண்டா?

*

இது நடைமுறைக்கு எப்படி ஆகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு சோதனையைச் சொல்கிறேன். வீட்டில் அகலப்பட்டை இணைப்புக்காக வைத்திருக்கும் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 1999 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 2516 ஆக வெளிவந்த பிபிபிஓஇ என்ற முறையில் இணையும் கருவியாக இருந்தால், பல கருவிகளில் மூன்று வாய்ப்புகள் இன்றும் காணக்கிடைக்கும்: எப்போதும் இணைந்திரு, கேட்கும்போது இணை, கையால் இணை. இரண்டாவதன் அருகே, எத்தனை நிமிடம் ஓய்ந்திருந்தால் துண்டிக்க வேண்டும் என்று எழுதுவதற்கு ஒரு சிறு கட்டம் இருக்கும். அழைக்க மோடம் இல்லை, ஓடுவதற்கு மீட்டரும் இல்லை; ஆனாலும் கட்டம் இருக்கிறது. அதில் எண்ணை எழுதுங்கள் என்று நான் சொல்லவில்லை. எழுதுவதால் பெரிய பயனும் விளையாது. கேள்வி அங்கே இன்னும் அழியாமல் நிற்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

பிறகு ஒரு தாளை எடுத்து, உங்களுக்கான வடிகட்டியை எழுதிப் பாருங்கள். யாருடைய தட்டலுக்கு எந்த நேரத்திலும் கதவு திறக்க வேண்டும்? எவை வரிசையில் தங்கி மாலையில் மொத்தமாக வந்தால் போதும்? எவற்றுக்கு 'நெவர்'? எழுதத் தொடங்கினால் அது எளிதன்று என்பது புரியும். தேவையும் கூச்சலும் ஒரே பெயர்த்தேடலில் தொடங்கும் அந்தப் பழைய இடர்ப்பாடு உங்கள் தாளிலும் வந்து நிற்கும். நான்கு வரி எழுதுவதற்குள் நாற்பது விதிவிலக்குகள் நினைவுக்கு வரும்.

எழுதி முடித்ததும் அந்தத் தாளைக் கைபேசியின் அமைப்புப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் விதிகளுள் எத்தனையை அங்கே சொல்ல முடிகிறது, எத்தனையைச் சொல்வதற்கு இடமே இல்லை என்று எண்ணுங்கள். சொல்ல இடமில்லாத விதிகளின் பட்டியல்தான் நம் கோரிக்கைப் பட்டியல். நாம் எழுத வேண்டிய கட்டுரைகள் அதைப் பற்றியவை. மோடத்தின் ஒலியைப் பற்றிப் போதுமான அளவு எழுதியாயிற்று.